அண்ணி வண்டி காயவைத்த ஞாயிறுகள்

அண்ணன் கப்பலுக்குப் போனது ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு ஏஜென்ட் அனுப்பிய வேன் தெருமுனையில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் தலையை ஆட்டி, அண்ணியிடம் ஏதோ சொல்லி, கடைசியாகத் தன் மோட்டார் சைக்கிளின் சீட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். ஒரு தட்டு இல்லை, இரண்டு தட்டு என்று அண்ணி திருத்துவாள். நான் அன்று அங்கே இல்லை. ஆறு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை மதியம்தான் அதே தெருமுனையில் வந்து இறங்கினேன். அண்ணனும் நானும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே.

இது அண்ணியைப் பற்றியது. அவள் என் அப்பாவைக் கொன்றுவிட்டாள் என்று சொன்னவர்கள் மூன்று பேர். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒருத்தி. அண்ணன் ஒருவன். மூன்றாவது ஆள் அண்ணியேதான். முதல் இரண்டு பேரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆளிடம் ஒரு வருஷத்துக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அண்ணி ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சீட்டில் எழுதியிருப்பதைக் கொடுப்பாள். எழுதாததைக் கொடுக்க மாட்டாள். டாக்டரின் கையெழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்க மாட்டாள், போன் போட்டுக் கேட்பாள். டாக்டர் எரிந்து விழுந்தாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வைப்பாள். அரை மாத்திரை என்று எழுதியிருந்தால் மெல்லிய கத்தியால் வெட்டி இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீட்டிலும் அதே ஆள்தான். டீத்தூள் பொட்டலத்தில் மூன்று நிமிடம் என்று போட்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "என் மருமக சிரிக்கறதுக்கும் சீட்டு வேணும்" என்று அப்பா தெருவில் எல்லோரிடமும் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அவர் வாழ்நாளெல்லாம் துறைமுக வாசலில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதியவர். ஒரு எண் தப்பாகப் போனாலும் நாளே தப்பு என்று நினைக்கிற ஜாதி. மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருந்தான். அந்த எட்டு மாதமும் அந்த வீடு இவர்கள் இரண்டு பேருடையது.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. சன்னல் கம்பியில் விரல் வைத்தால் உப்பு ஒட்டும். பூட்டு ஒரு வருஷம் வரும். அண்ணனுடைய முந்தைய வண்டி வாங்கிய மூன்றாம் வருஷமே துருப்பிடித்து, ஒருநாள் சைலன்சர் நடுத்தெருவில் கழன்று விழுந்தது. அதிலிருந்து அவனுக்குத் துரு என்றால் பேய் மாதிரி. இந்தத் தடவை விடுமுறையில் வாங்கிய இந்த வண்டியை வாராவாரம் நல்ல தண்ணீரில் கழுவி, உப்புக் காற்று படாமல் வீட்டுக்குள்ளேயே காயவைப்பான். ஈரமான இரும்பின் மேல் கடற்காற்று பட்டால் கழுவியதே வீண் என்பது அவன் கட்சி.

கப்பலுக்குப் போகுமுன் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். பதினொரு வரி. வாரம் ஒரு முறை, ஞாயிறு. சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டு. சாவித் துவாரத்தில் டேப் ஒட்டு. உடம்புக்கு ஒரு வாளி, சக்கரத்துக்கு வேறு வாளி. செயினுக்கு மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ். இப்படிப் போகும். ஏழாவது வரி: உள்ளே ஏற்றி, கதவு சன்னல் எல்லாம் சாத்து, காற்று வரக்கூடாது. எட்டாவது: மூன்று துணியால் மூன்று முறை துடை. ஒன்பதாவது: பையை எடு. இதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். பத்தாவது: ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் ஓட விடு, உள்ளே இருக்கிற ஈரம் அப்போதுதான் போகும். பதினொன்றாவது: ஆறியபின் போர்வை.

இந்தத் தாளுக்காக அண்ணி மருந்துக்கடையில் தன் விடுமுறை நாளையே மாற்றிக்கொண்டாள். அதுவரை ஞாயிறு அவளுக்கு வேலை நாள், செவ்வாய்தான் விடுமுறை. அண்ணன் வண்டி கழுவுவதை அவள் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது வண்டி காய்ந்து போர்வைக்குள் நிற்கும்.

நான் வந்த மறுநாளே ஞாயிறு. முன்வாசலில் அண்ணி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, முடியைத் தூக்கிக் கட்டி, ஒரு நர்ஸ் மாதிரி நின்றாள். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து, தண்ணீரை மேலிருந்து கீழாக மட்டுமே விட்டாள். சக்கர அச்சுக்கு நேராக அடிக்கக் கூடாதாம், நான்காவது வரி. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எத்தனை என்று கேட்டேன். "முன்னால முப்பத்தாறு, பின்னால முப்பத்தாறு" என்றாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா அண்ணி?"

"எனக்கா? இது உங்க அண்ணனோட மூத்த சம்சாரம். நான் ரெண்டாவது. குளிப்பாட்டி, துடைச்சு, போர்வை போத்தறது மட்டும்தான் என் வேலை."

அப்பா உள்ளேயிருந்து, "ஏய் ஊர்சுத்தி, அவளுக்கு ஒரு கை பிடி. சும்மா நின்னு பாக்கறதுக்கா அத்தனை நாடு தாண்டி வந்தே?" என்றார். பலகையைப் படியில் சாய்த்து, நானும் அண்ணியும் வண்டியைத் தள்ளிக் கூடத்துக்குள் ஏற்றினோம். கூடம் சின்னது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால், அப்பாவின் கட்டில் இருந்த அறைக்குள் போக ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அண்ணி வாசல்கதவைச் சாத்தி, அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தாள். சன்னல்களைச் சாத்தினாள். துடைத்தாள். பையை எடுத்தாள். கிக்கரை மூன்று முறை உதைத்து வண்டியைக் கிளப்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினைந்து நிமிடம் என்பது ஒரு சின்னக் கூடத்தில் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. சத்தத்தில் சுவர்க் கண்ணாடி அதிர்ந்தது. வண்டி சூடாக ஆக, எஞ்சின் மடிப்புகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அதைக் காட்டி அண்ணி சந்தோஷப்பட்டாள். பெட்ரோல் வாசனையை அப்பா பொருட்படுத்தவில்லை. துறைமுக லாரிகளுக்கு நடுவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு அது வீட்டு வாசனை. கதவை ஏன் சாத்தியிருக்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை வலித்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல. வெளியே கிளம்பி, அலைதடுப்புக் கல்வரிசைவரை நடந்தேன். அரை மணி நேரத்தில் வலி விட்டுவிட்டது. நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன்: எனக்கு வீடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் சொந்தக் கூரை இல்லாமல் இருந்தவளுக்கு நான்கு சுவருக்குள் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும். அடுத்த ஞாயிறும் வலித்தது, அடுத்த ஞாயிறும் நடந்தேன். நடந்தால் சரியாகிவிடுகிறது என்பதே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. சீக்கிரம் மறுபடி கிளம்பிவிட வேண்டும் என்று கல்வரிசையில் உட்கார்ந்து ஊர்களின் பெயர்களை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு குளிர்நாட்டில், விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலையில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். அங்கே ஒவ்வொரு அறையிலும் எரிவாயு அடுப்புக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடுப்பு எரியும்போது சன்னலைச் சிறிது திறந்து வை, இதன் புகைக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும் என்று. மொழி தெரியாமல் வந்தவர்களுக்கு நான்தான் அதைப் படித்துச் சொல்வேன். நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவே இல்லை. அடுப்பு வேறு, வண்டி வேறு. அண்ணன் எழுதியது, அண்ணி செய்வது, அப்பா உட்கார்ந்திருப்பது. வீட்டில் நடப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்பாவுக்கு வெளியே நடக்கும் வழக்கம் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் அவர் இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாடிப்படி கூடாது, வெயில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் அவர் அறைக்குள் படுத்துவிடுவார். நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், இருந்தது. திங்கட்கிழமை காலை வாந்தி எடுத்தார். செவ்வாய் சரியாகிவிட்டார், லாரி எண்களை எல்லாம் ஒப்பித்துக் காட்டினார்.

கிளினிக் டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, வயதானால் இப்படித்தான் என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "மகன் போன ஏக்கம்" என்றாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கும்.

அண்ணி இரண்டையும் நம்பவில்லை. அவள் ஒரு நோட்டு போட்டாள். அப்பாவுக்குத் தலைசுற்றல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை, எல்லாம். மூன்று வாரம் எழுதிவிட்டு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஞாயிறு மாலை, ஞாயிறு இரவு, திங்கள் காலை. வேறு நாளில் ஒன்றுமே இல்லை. அவள் முகத்தில் ஒரு துப்பறிவாளரின் களை.

"பாத்தியா? ஞாயித்துக்கிழமை மட்டும்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் இந்த வீட்டுல என்ன நடக்குது, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அவள் கேட்டது வண்டிக்குப் பக்கத்தில் நின்று. போர்வைக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு.

"மாத்திரை" என்றாள். "எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை குடுக்கறோம் இல்ல? ஞாயித்துக்கிழமை காலைல. அதுதான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த மாத்திரையை அன்றே நிறுத்தியிருப்பார்கள். அண்ணி நிறுத்தவில்லை. அவளாக எதையும் மாற்ற மாட்டாள். டாக்டருக்குப் போன் போட்டாள், அவர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் போட்டாள். ஞாயிறுக்குப் பதிலாக வியாழக்கிழமை கொடுத்துப் பாருங்கள் என்றார் அவர். அந்தப் பதில் வந்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழன் காலை மாத்திரையைக் கொடுத்தாள். நோட்டில் ஒரு கோடு கிழித்து, கீழே புதிதாக எழுத ஆரம்பித்தாள். வருகிற ஞாயிறு அப்பாவுக்குத் தலை சுற்றவில்லை என்றால் மாத்திரைதான் காரணம். சுற்றினால் வேறு ஏதோ. அவள் கணக்கு அவ்வளவு நேரானது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு அவர் தாக்குப் பிடித்திருந்தால் போதும், திங்கட்கிழமை அவள் கண்டுபிடித்திருப்பாள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அது ஒன்பதாவது ஞாயிறு. விடியும்போதே புயல் மழை. கடல் இரைச்சல் தெருவுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தகரம் பறந்து எங்கள் சுவரில் மோதியது. இன்றைக்கு வண்டியை விட்டுவிடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். ஞாயிறு என்று எழுதியிருக்கிறது, மழை பெய்தால் வேண்டாம் என்று எழுதவில்லையே என்றாள். வாசலில் முன்கூரைக்குக் கீழே ஒண்டி நின்று கழுவினாள். இந்தக் காற்றில்தான் உப்பு அதிகம், இன்றைக்கு விட்டால் ஒரேயடியாகத் துருப்பிடிக்கும் என்றாள். அதிலும் நியாயம் இருந்தது.

சுவரின் மேல்பக்கம், கூரையை ஒட்டி, இரண்டு காற்றுத் துவாரங்கள் இருந்தன. அவற்றின் வழியாகச் சாரல் கூடத்துக்குள் தெறித்தது. துடைத்த டேங்கின் மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. அப்பா எழுந்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய துணிகளைத் திணித்து அந்த இரண்டையும் அடைத்தார். ஏறக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். "மருமக மூணு தடவ துடைச்சிருக்கா, நாலாவது தடவ துடைக்கணும்னு சீட்டுல இல்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அதுதான் அவர் செய்த கடைசி வேடிக்கை.

எனக்கு அதற்குள்ளேயே நெஞ்சு அடைத்தது. இன்னும் வண்டி கிளம்பவில்லை, வெறும் பழக்கம்தான். குடையை எடுத்தேன். அண்ணி கதவருகில் வந்தாள்.

"இன்னைக்கு மட்டும் இரேன். மாமாவ பக்கத்துல இருந்து பாக்கணும். எத்தனை மணிக்குச் சுத்துது, சுத்தலையான்னு. நான் வண்டியப் பாப்பேன், நீ அவரப் பாரு."

"என்னால இந்த வீட்டுக்குள்ள உக்கார முடியல அண்ணி. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"உனக்கு எங்க போனாலும் அப்படித்தான்" என்றாள். கோபமில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. அடியில் சாக்கு நகரும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததை அண்ணி ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரியும். வண்டி எளிதில் கிளம்பவில்லை. ஈரம். பதினோராவது உதையில் பிடித்தது. ஒன்பதாவது நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று விட்டுவிடுகிறவள் இல்லை அவள். தொடர்ந்து பதினைந்து நிமிடம் ஓடினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் போகும் என்று புரிந்துகொண்டு மறுபடி உதைத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நடுவில் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா படுத்திருந்தார், முகம் நல்ல சிவப்பாக, தெளிவாக இருந்தது. பார்த்து நிம்மதியாகி, நோட்டில் "3.40, தலைசுற்றல் இல்லை, தூங்குகிறார்" என்று எழுதினாள். அந்த வரியின் கடைசி எழுத்துகள் கோட்டைவிட்டுக் கீழே சரிந்திருந்தன. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

ஒரு மணி நேரம் என்று சொன்னவள் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தேன். தெருவில் மழை மட்டும் கேட்டது. எங்கள் வீட்டில் எஞ்சின் சத்தம் இல்லை, வேலை முடிந்திருக்கும் என்று நினைத்தேன். கதவைத் தள்ளினேன். சாக்கு தடுத்தது. தோளால் தள்ளினேன். வெப்பமான காற்று ஒன்று என் முகத்தைத் தாண்டி வெளியே போனது. அந்த ஸ்டிக்கர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நூறு பேருக்குப் படித்துச் சொன்ன அதே வார்த்தைகளில்.

அண்ணி சமையலறைத் தரையில், கழிவுநீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அந்தத் துவாரம் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அதுதான் அவளைக் காப்பாற்றியது என்றார்கள். அவளை இழுத்து முன்வாசலில் மழையில் போட்டேன். அப்பாவை இழுக்கப் போனபோது அவர் கை என் கையைப் பிடிக்கவில்லை. முகம் மட்டும் சிவப்பாகவே இருந்தது; அந்தப் புகை இரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்குமாம். தையல்காரம்மாவும் அவள் புருஷனும் ஓடிவந்து கட்டிலோடு தூக்கினார்கள். அவருடைய இதயத்துக்கு அந்தக் காற்று பாதியிலேயே அதிகமாகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வண்டி மறுபடி தானாக அணைந்து கூடத்தின் நடுவில் நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அண்ணன் பத்தொன்பது நாள் கழித்துத்தான் வர முடிந்தது. கப்பல் நடுக்கடலில், மாற்று ஆள் ஏறவேண்டிய துறைமுகம் தூரத்தில். அவன் வந்தபோது அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். பேசும்போது நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்பாள், டம்ளரை மேசைக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே விட்டுவிடுவாள். மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றார்கள். கூடத்தில் நாங்கள், தையல்காரம்மா, அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சுவரில் இருந்த தாளின் முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"கதவத் திறக்கலையா?"

"அது இதுல இல்ல" என்றாள் அண்ணி.

"எஞ்சின் ஓடுது. வீட்டுக்குள்ள. கதவத் திறக்கணும்னு எழுதணுமா? நான் எப்பவும் திறந்து வச்சுதான் ஓட்டுவேன்."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தாளின் முன்னால் போய், ஏழிலிருந்து பத்துவரை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எங்கேயோ தவறவிட்டிருப்போம் என்று தேடுகிற மாதிரி. கடைசியில், "எழுதியிருந்தா திறந்திருப்பேங்க" என்றாள். தாழ்ந்த குரலில், கடைக்கு வந்தவரிடம் பேசுவது போல.

அதோடு முடிந்தது. அந்தச் சொல்லை அண்ணன் அவளோடு விட்டுவிட்டு மறுபடி கப்பலேறினான். நான் எப்பவும் திறந்து வச்சுதான் ஓட்டுவேன். தெரு முழுக்க அதுதான் பேச்சு. புருஷன் திறந்து வைப்பானாம், இவள் சாத்திவிட்டாளாம், மாமனார் உள்ளே படுத்திருக்கும்போது. தையல்காரம்மா கெட்டவள் இல்லை, துணி கொடுக்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கதை வேண்டியிருந்தது.

அண்ணி மருந்துக்கடைக்குத் திரும்பிப் போய், கவுன்டர் வேண்டாம், கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலாளி காரணம் கேட்டதற்கு, "நடக்கறத பாத்து யோசிக்கத் தெரியாதவ கையில மருந்து இருக்கக் கூடாது சார்" என்றாளாம். டாக்டர்களுக்குப் போன் போடுவதை நிறுத்தினாள். வீட்டில் டீ கொதித்துக்கொண்டே இருக்கும், அவள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். சன்னல்களை மட்டும் இரவும் பகலும் திறந்தே வைத்தாள், மழை உள்ளே வந்தாலும். வண்டி முன்வாசலில் நின்று உப்புக் காற்றில் ஆரஞ்சு நிறமானது.

நான் எங்கும் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. அவளோடு உட்கார்ந்து வாதாடினேன். அப்பாவே கதவை ஏன் சாத்துகிறாய் என்று ஒன்பது வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே, அண்ணன் திறந்து வைப்பதைப் பார்த்துப் பழகியவர் என்றால் கேட்டிருக்க மாட்டாரா என்றேன். "மாமா நல்லவர். என்னை அவர் எதுவும் கேக்க மாட்டார்" என்றாள். அப்பாதானே துவாரங்களை அடைத்தார் என்றேன். நான் துடைத்ததற்காக அடைத்தார் என்றாள். நான் அன்று வீட்டில் இருந்திருந்தால் என்றேன். அதற்கு மட்டும் அவள் என் கையைப் பிடித்தாள். "நீயும் படுத்திருப்பே" என்றாள். அவளுடைய நேரான கணக்கில் என்னிடம் குற்றமே கிடையாது, எல்லாம் அவள் பெயரிலேயே ஏறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எடை குறைந்துகொண்டே போனாள். சாயங்காலங்களில் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் கிடங்கிலிருந்து வந்தவளின் பையில் தூக்க மாத்திரை அட்டைகள் நான்கு இருந்தன. எதற்கு என்று கேட்டேன். பையை மேசைமேல் வைத்தாள். நான் எடுத்துக் கழிப்பறையில் கொட்டினேன், அவள் தடுக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவள் பையை நான் தினமும் பார்த்தேன். அவள் தூங்கிய பிறகுதான் தூங்கினேன். அண்ணனுக்கு அதை எழுதினேன். நீ ஒரு வார்த்தை பேசு, கோபமாகவாவது பேசு, இவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று. எட்டுமுறை எழுதினேன். பதில் இல்லை.

அப்பா போய்ப் பதின்மூன்று மாதம் கழித்து, ஒரு வேலைநாள் மதியம் இரண்டரை மணிக்கு, அவனிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நான் மருந்துக்கடைக் கிடங்குக்கு நேராக நடந்துபோய், பெட்டிகளுக்கு நடுவில் அண்ணியை உட்காரவைத்து, ஒரு எழுத்து விடாமல், ஒரு எழுத்து சேர்க்காமல் படித்துக் காட்டினேன்.

"கதவு விஷயம். நான் திறந்து வச்சதே இல்ல. ஒரு தடவகூட. அப்பாவுக்குத் தெரியும். பதினைஞ்சு நிமிஷமும் ஓட்டினதில்ல. ரெண்டு நிமிஷம், மிஞ்சிப்போனா மூணு, சூடு ஏறினதும் அணைச்சுட்டு வெளிய போயிடுவேன். பதினைஞ்சுன்னு எழுதினா அஞ்சு நிமிஷமாவது ஓட்டுவாள்னு நினைச்சு எழுதினேன். சொன்னத அப்படியே செய்யறவங்கள நான் பாத்ததில்ல. அவ அப்படின்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன். அவளுக்கு எழுத வரல, அதனால உனக்கு எழுதறேன். அவ தப்பு எதுவும் இல்ல. அப்படியே சொல்லிடு."